கல்லூரி ஃபுட்பாலில் கூட்டணி தாவல்: அதிகாரக் கணக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) ஒரு பல்கலைக்கழகம் கூட்டணி மாறுகிறது என்று செய்தி வந்ததும் ரசிகர்கள் முதலில் புரட்டுவது அந்த அணியின் வெற்றி தோல்விப் பட்டியலை. கடைசியாகப் பார்க்க வேண்டிய தாள் அது. ஒளிபரப்பு ஒப்பந்தம் முடியும் தேதி, வெளியேறும் கட்டணம், உறுப்பினர் ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு, இந்த மூன்றும்தான் பலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுக்கும். களத்தில் அதன் விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம்.

கான்ஃபரன்ஸ் என்பதை இங்கே கூட்டணி என்றே எழுதுகிறோம். அதன் வேலையும் அதுதான். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆடுகிறார்கள், ஒளிபரப்பு உரிமையைச் சேர்ந்து விற்கிறார்கள், வந்த பணத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். இப்போது பெரியவை நான்கு: பிக் டென்னில் 18 பேர், எஸ்.இ.சி.யில் (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) 16, பிக் 12-ல் 16, ஏ.சி.சி.யில் ஃபுட்பாலுக்கு மட்டும் 17. பெயரை நம்பி எண்ணிக்கையையும் கணக்கிடாதீர்கள், இடத்தையும் ஊகிக்காதீர்கள். அட்லான்டிக் கடற்கரை என்று பெயர் வைத்துக்கொண்ட ஏ.சி.சி.யில் பசிபிக் பக்கத்து ஸ்டான்ஃபோர்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் தாவல்களுக்கெல்லாம் வேர் 1984-ல் இருக்கிறது. அதுவரை எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதைத் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.தான் தீர்மானித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா தரப்புகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற தீர்ப்பில் அந்தப் பிடியை உடைத்தது. அன்றிலிருந்து உரிமையை விற்பது பல்கலைக்கழகங்களின் வேலை. யாரோடு சேர்ந்து விற்றால் லாபம் என்ற கேள்வி அப்போது பிறந்தது. இன்னும் ஓயவில்லை.

முதல் வேலை: தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

எந்தச் செய்தியையும் படிக்கும் முன் இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கூட்டணியிலும் ஃபுட்பாலுக்குச் சேராத நோட்டர் டேம் பல்கலைக்கழகம், என்.பி.சி. சேனலுடன் செய்துள்ள ஒப்பந்தம் 2029 வரை. ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றும் சேர்ந்து வாங்கியிருக்கும் பிக் டென் உரிமை 2029-30 பருவம் வரை. ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் வசமுள்ள பிக் 12 உரிமை 2030-31 வரை. தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றின் ஒளிபரப்பு 2031-32 வரை. எஸ்.இ.சி. 2033-34 வரை. ஏ.சி.சி. 2036 வரை.

தேதிகள் 2029-க்கும் 2032-க்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். பெரிய தாவல்கள் ஒப்பந்தம் முடிந்தபின் நடப்பதில்லை, முடிய ஓரிரண்டு ஆண்டுகள் இருக்கும்போது அறிவிக்கப்படுகின்றன. யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது 2022 ஜூன் 30. அவர்கள் இருந்த பேக்-12 கூட்டணியின் ஒப்பந்தம் 2024 கோடையில்தான் முடிய இருந்தது. அறிவிப்பு வந்த இரண்டு மாதத்துக்குள் பிக் டென் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட புதிய ஒப்பந்தத்தை அறிவித்தது. புதிய ஆட்கள் உள்ளே வந்து உட்கார்ந்தபின்தான் கடையின் விலை பேசப்பட்டது. இந்த வரிசை தற்செயல் அல்ல.

தேதியைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கும் பேக்-12-தான் பாடம். அதைவிட ஓராண்டு தாமதமாக, 2025-ல் முடிய இருந்த ஒப்பந்தத்தை வைத்திருந்தது பிக் 12. வரிசைப்படி பேக்-12 முதலில் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். பிக் 12-ன் புதிய ஆணையர் பிரெட் யோர்மார்க் காத்திருக்கவில்லை. 2022 இலையுதிர் காலத்திலேயே ஆறு ஆண்டுகளுக்கு 228 கோடி டாலர் என்று பேசி முடித்தார். சராசரியாக உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3.17 கோடி (இங்கே எல்லாத் தொகையும் டாலரில்). பெரிய சேனல்கள் அந்தப் பருவத்தில் செலவிட நினைத்த பணத்தைப் பெருமளவு செலவிட்டுவிட்டன. பேக்-12 கடைசியில் தன் உறுப்பினர்கள் முன் வைத்தது, சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்து வருமானம் மாறும் ஆப்பிள் ஸ்ட்ரீமிங் திட்டம். 2023 ஜூலை 27-ல் கொலராடோ பிக் 12-க்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 4-ல் ஒரே நாளில் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. நூற்றாண்டுப் பாரம்பரியம் கொண்ட கூட்டணி ஒன்பது நாளில் கரைந்தது.

இரண்டாவது: கதவில் எத்தனை பூட்டு?

வெளியே போக நினைக்கும் உறுப்பினரைத் தடுக்க மூன்று பூட்டுகள் உண்டு. முன்னறிவிப்புக் காலம், வெளியேறும் கட்டணம், கிராண்ட் ஆஃப் ரைட்ஸ் எனப்படும் உரிமை ஒப்படைப்பு. முதல் இரண்டும் பணத்தால் திறப்பவை. மூன்றாவது வேறு வகை. உறுப்பினர் தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டு வரை கூட்டணியிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆள் போகலாம், ஆட்டம் போகாது. ஆட்டம் இல்லாத ஆளை எந்தக் கூட்டணியும் முழு விலைக்கு வாங்காது.

கட்டணச் செய்திகளில் ஒரு விதியை மறக்க வேண்டாம்: முதலில் வரும் எண் கேட்கும் விலை. ஏ.சி.சி.யிலிருந்து பிக் டென்னுக்குப் போவதாக மேரிலாந்து 2012-ல் அறிவித்தபோது கேட்கப்பட்டது ஏறக்குறைய 5.2 கோடி டாலர், வழக்கு முடிந்தபோது தீர்ந்தது 3.14 கோடி. மேரிலாந்தின் அறிவிப்புக்குப் பின், 2013-ல்தான் ஏ.சி.சி. உரிமை ஒப்படைப்பை எழுதி வாங்கியது. டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு எஸ்.இ.சி.க்குப் போவதை 2021 ஜூலையில் அறிவித்து, உரிமை முடியும் 2025 வரை இருப்பதாகச் சொன்னார்கள். பின்னர் இருவரும் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்து ஓராண்டு முன்னதாகவே, 2024 ஜூலை 1-ல் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி ஓராண்டை விலை கொடுத்து வாங்க முடியும். பத்தாண்டை வாங்க முடியாது.

பத்தாண்டை உடைக்க முயன்றவர்கள் ஃப்ளோரிடா ஸ்டேட். 2023-ல் 13-0 என்று தோல்வியே இல்லாமல் ஆடியும் நான்கு அணி பிளேஆஃபில் இடம் கிடைக்காத அந்த டிசம்பரில், வெளியேற மொத்தம் 57.2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குக் காட்டி ஏ.சி.சி. மீது வழக்குப் போட்டது. ஏ.சி.சி. ஒரு நாள் முந்திக்கொண்டு வட கரோலினாவில் தானும் வழக்குப் போட்டிருந்தது. 2024 மார்ச்சில் கிளெம்சனும் நீதிமன்றம் போனது. 2025 மார்ச்சில் எல்லாம் சமரசமானது. உரிமை ஒப்படைப்பு சட்டப்படி நிற்குமா என்ற கேள்விக்கு நீதிபதி வாயிலிருந்து பதில் வரவே இல்லை. ஆகவே 'அது உடையாது' என்றும் 'அது வெறும் காகிதம்' என்றும் அடித்துச் சொல்பவர்கள் இருவரையும் சமமாகச் சந்தேகியுங்கள்.

அந்தச் சமரசத்தின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி அடிக்கடி தேவைப்படும். 2025-26-ல் வெளியேறும் கட்டணம் 16.5 கோடி. ஆண்டுக்கு 1.8 கோடி குறைகிறது: 14.7, 12.9, 11.1, 9.3, பிறகு 2030-31-ல் 7.5 கோடி என்று நிற்கிறது. கட்டணம் கட்டியவர் தன் ஒளிபரப்பு உரிமையையும் எடுத்துக்கொண்டு போகலாம். 2036 வரை பூட்டியிருந்த கதவுக்கு 2030-ல் திறக்கும் சாவி செய்தாகிவிட்டது.

இப்போது கணக்கு. புதிய கூட்டணியில் கிடைக்கும் பங்கிலிருந்து பழைய பங்கைக் கழியுங்கள், அந்த வித்தியாசத்தால் கட்டணத்தை வகுங்கள். வித்தியாசம் ஆண்டுக்கு 3 கோடி என்று வைத்துக்கொண்டால், 16.5 கோடிக் கட்டணம் திரும்ப ஐந்தரை ஆண்டுகள். 7.5 கோடிக் கட்டணம் இரண்டரை ஆண்டில் திரும்பிவிடும். மூன்று ஆண்டுக்குக் கீழே வந்தால் செய்தியை நம்பத் தொடங்கலாம். இந்த எல்லை எங்கள் அனுபவக் கணிப்பு. இந்தக் கணக்கில் பலர் சறுக்கும் இடம், புதியவருக்கு முதல் நாளிலேயே முழுப் பங்கு கிடைக்கும் என்று நினைப்பது.

மூன்றாவது: பங்கைப் பிரித்துப் பாருங்கள்

16 பேர் கொண்ட கூட்டணிக்கு ஆண்டுக்கு 96 கோடி வருகிறது என்று வையுங்கள், ஆளுக்கு 6 கோடி. புதிதாக வருபவரால் மொத்த வருமானம் 4 கோடி உயர்ந்தால், 100 கோடியை 17-ஆல் வகுக்க 5.88 கோடி. பழையவர் ஒவ்வொருவருக்கும் 12 லட்சம் நஷ்டம். யார் கை தூக்குவார்கள்? ஆகவே உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரே அளவுகோல்தான்: வருபவர் சராசரிக்கு மேல் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் குறைந்த பங்குக்குச் சம்மதிக்க வேண்டும்.

குறைந்த பங்கில் சேர்ந்தவர்களைப் பார்த்தால் பேரத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பது புரியும். ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் ஏறக்குறைய 3 கோடியில் தொடங்கி ஆண்டுக்கு 10 லட்சம் கூடும் பங்குக்கு ஒத்துக்கொண்டன. அது மற்றவர்கள் வாங்குவதில் பாதி அளவு. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாவும் ஏ.சி.சி.யில் முதல் ஏழு ஆண்டுகளுக்குச் சுமார் 30 சதவீதம். டாலஸிலுள்ள எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பணமே வேண்டாம் என்றது. பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் அங்கே வசதியான நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். பெரிய கூட்டணியின் முத்திரைதான் வேண்டியிருந்தது. முதல் ஆண்டிலேயே பிளேஆஃபுக்கும் போனார்கள்.

ஏ.சி.சி. பக்கம் இதில் சாமர்த்தியம் இருந்தது. புதியவர் வந்தால் ஏற்கெனவே உள்ள பங்கின் அளவுக்கு ஈ.எஸ்.பி.என். கூடுதல் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் விதி உண்டு. மூன்று முழுப் பங்கு உள்ளே வந்தது, புதியவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் பழையவர்களுக்கு. பிக் 12-க்கும் பெரிய கூட்டணிகளிலிருந்து வருபவர்களுக்கு இதே போன்ற விதி கைகொடுத்தது. ஆகவே ஒரு கூட்டணி விரிவடையும் செய்தி வந்தால், இந்த விதி அதன் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் செய்தி பாதி பொய்.

பழைய அளவுகோல் ஒன்று இன்னும் சிலர் பேச்சில் உயிரோடு இருக்கிறது: 'பெரிய நகரத்துச் சந்தை'. 2014-ல் மேரிலாந்தையும் ரட்கர்ஸையும் பிக் டென் எடுத்தபோது அது சரியான கணக்கு. வாஷிங்டன், நியூயார்க் வட்டாரங்களில் கேபிள் இணைப்புள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும், ஃபுட்பால் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், பிக் டென் நெட்வொர்க்குக்கு மாதச் சந்தா வந்தது. கேபிளை வெட்டுபவர்கள் பெருகியபின் அந்தக் கணக்கு செல்லாது. இப்போது கேட்பது, எத்தனை பேர் உண்மையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பது. ஏ.சி.சி. தன் சமரசத்தில் ஒளிபரப்புப் பணத்தின் பெரும்பகுதியைப் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்க ஒத்துக்கொண்டதும் இதனால்தான். சமப் பங்கு என்ற பழைய தர்மம் கூட்டணிக்குள்ளேயே உடையத் தொடங்கிவிட்டது. அடுத்த பேரங்களில் இதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

அரசியலையும் ஒரு கண்ணால் பார்த்துவையுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஆளுநர், சட்டமன்றம், நிர்வாகக் குழு எல்லாம் கை வைக்கும். 2003-ல் ஏ.சி.சி. விரிவாக்கத்தில் வர்ஜீனியா டெக் சேர்க்கப்பட்டதன் பின்னால் அன்றைய வர்ஜீனியா ஆளுநர் மார்க் வார்னரின் அழுத்தம் இருந்தது. யு.சி.எல்.ஏ. தனியே போனதற்கு ஈடாக, சகோதரப் பல்கலைக்கழகமான பெர்க்லிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் கட்டச் சொன்னது கலிஃபோர்னியா நிர்வாகக் குழு. வாக்கு விதியும் முக்கியம். ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட மூவரைச் சேர்க்க ஏ.சி.சி.யில் 15-ல் 12 வாக்கு வேண்டியிருந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன், வட கரோலினா மூன்றும் எதிர்த்தன. சரியாக 12 கிடைத்தது. எதிர்த்த மூவரில் இருவர் சில மாதங்களில் நீதிமன்றத்தில் நின்றார்கள். வாக்குப் பட்டியல் பல நேரம் அடுத்த தாவலின் முன்னறிவிப்பு.

நான்காவது: அட்டவணையில் ஒளிந்திருக்கும் பலம்

18 அணிகள், ஆளுக்கு 9 கூட்டணி ஆட்டம் என்றால் ஒவ்வொரு அணியும் எட்டு உறுப்பினர்களைச் சந்திக்காமலே பருவத்தை முடிக்கும். யாரைச் சந்திக்கவில்லை என்பது, யாரை வென்றது என்பதற்குச் சமமான செய்தி. எஸ்.இ.சி. 2026 முதல் 9 ஆட்டம் என்று முடிவெடுத்திருக்கிறது. மூன்று நிரந்தர எதிரிகள், ஆறு சுழற்சி எதிரிகள். 3 கூட்டல் இரண்டு ஆண்டுக்கு 12, ஆக மொத்தம் 15 எதிரிகளையும் இரண்டு ஆண்டில் ஒருமுறையாவது பார்த்துவிடலாம். 16 அணிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது, 18-க்குப் பொருந்தாது.

ஒன்பதாவது ஆட்டத்துக்கு விலையும் உண்டு. 16 அணிகள் கூடுதலாக ஓர் ஆட்டம் தங்களுக்குள் ஆடினால், கூட்டணிக்குள் எட்டுத் தோல்வி கட்டாயம் கூடும். எளிய எதிரியிடம் கிடைத்திருக்கக்கூடிய வெற்றிகள் இவை. இத்தனை ஆண்டுகள் எஸ்.இ.சி. எட்டிலேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு கூட்டணிகளின் 10-2 பதிவுகளை ஒப்பிடும் முன் எட்டா, ஒன்பதா என்று பாருங்கள்.

பிரிவுகள் போனதும் அதிகாரத்தை நகர்த்தியது. பிக் டென் கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்த 2014 முதல் 2023 வரை பத்து இறுதி ஆட்டத்தையும் கிழக்கே வென்றது. ஆனாலும் மேற்கில் ஓர் அணிக்கு இறுதி ஆட்டம் உறுதியாக இருந்தது. பிரிவுகள் இருந்தே தீர வேண்டும் என்ற விதி 2022-ல் தளர்ந்தபின் ஒவ்வொரு கூட்டணியாக அதைக் கைவிட்டது. நடுத்தர அணிகளின் குறுக்குவழி அத்தோடு மூடியது.

அதன் மறுபக்கம் 2025-ல் ஏ.சி.சி.யில் வெடித்தது. ஆளுக்கு எட்டு ஆட்டம், 17 அணிகள். வர்ஜீனியா 7-1 என்று முதலிடம். இரண்டாவது இடத்தில் 6-2 என்று ஐந்து பேர்: டியூக், மியாமி, ஜார்ஜியா டெக், பிட்ஸ்பர்க், எஸ்.எம்.யு. ஒருவரை ஒருவர் போதிய அளவு சந்திக்காததால் நேரடி முடிவை வைத்துத் தீர்க்க முடியவில்லை. கூட்டணி எதிரிகளின் வெற்றி விகிதம் என்ற டை-பிரேக்கர், அதாவது சமநிலையைத் தீர்க்கும் விதி, வரை இறங்கியது. ஒட்டுமொத்தத்தில் 7-5 என்றிருந்த டியூக் இறுதிக்குப் போய்ப் பட்டத்தையும் வென்றது. ஆனால் பிளேஆஃபுக்குப் போகவில்லை. அந்த இடத்துக்கு சன் பெல்ட் என்ற சிறிய கூட்டணியின் சாம்பியன் ஜேம்ஸ் மேடிசன் போனது. பட்ட ஆட்டத்திலேயே இல்லாத மியாமி, பட்டம் வெல்லாதவர்களுக்குத் தரவரிசைப்படி தரப்படும் பொது இடத்தில் நுழைந்து தேசிய இறுதி வரை போனது. கூட்டணி பெருக்கப் பெருக்க அதன் பட்டத்தின் எடை குறையும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பெரிய கூட்டணி என்றால் ஆகஸ்டிலேயே டை-பிரேக்கர் விதிகளை எடுத்துப் படித்துவிடுங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தலை சுற்றாது.

ஐந்தாவது: பிளேஆஃப் நாற்காலியும் பிளேஆஃப் பணமும் வேறு வேறு

நாற்காலிக் கணக்கு: 2024-ல் நான்கிலிருந்து பன்னிரண்டு அணியானது. 2024, 2025-ல் தரவரிசையில் உயர்ந்த ஐந்து கூட்டணிச் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது, மீதி ஏழு பொது இடம். முதல் இரண்டு ஆண்டின் 24 நாற்காலியை எண்ணினால் எஸ்.இ.சி.க்கு 8, பிக் டென்னுக்கு 7, ஏ.சி.சி.க்கு 3, பிக் 12-க்கு 2. மீதி நான்கில் நோட்டர் டேம் ஒருமுறை, பாய்ஸி ஸ்டேட், டுலேன், ஜேம்ஸ் மேடிசன் ஆளுக்கு ஒருமுறை. இரண்டு கூட்டணிக்கு மட்டும் 15.

பணக் கணக்கு இன்னும் கூர்மையானது. 2026-ல் தொடங்கும் ஈ.எஸ்.பி.என். ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 780 கோடி, அதாவது ஆண்டுக்கு 130 கோடி. இதில் பிக் டென்னுக்கும் எஸ்.இ.சி.க்கும் தலா சுமார் 29 சதவீதம், ஏ.சி.சி.க்குச் சுமார் 17, பிக் 12-க்குச் சுமார் 15, மற்ற சிறிய கூட்டணிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 9. நீங்களே வகுத்துப் பாருங்கள். 37.7 கோடியை 18-ஆல் வகுத்தால் பிக் டென் உறுப்பினருக்கு 2.09 கோடி. 16-ஆல் வகுத்தால் எஸ்.இ.சி. உறுப்பினருக்கு 2.36 கோடி. ஏ.சி.சி. 1.3 கோடி, பிக் 12 1.22 கோடி. சிறிய கூட்டணியில் ஏறக்குறைய 18 லட்சம்.

இதை இன்னொரு எண்ணின் பக்கத்தில் வையுங்கள். வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற சமரசப்படி பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-க்கு உச்சவரம்பு 2.05 கோடி. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அதாவது பிக் டென்னில் கடைசி இடத்தில் இருக்கும் அணிக்குக்கூடப் பிளேஆஃப் பங்கு ஒன்றே அந்தச் செலவை ஏறக்குறைய அடைத்துவிடும், அந்த அணி பிளேஆஃபை டிவியில் பார்த்திருந்தாலும் சரி. பிக் 12-ல் முதலிடம் பிடித்த அணி மீதி 80 லட்சத்தை வேறெங்காவது தேட வேண்டும். அதிகாரச் சமநிலை மாறியது இங்கேதான். உச்சியில் இருப்பவர்கள் எப்போதும் பணக்காரர்கள். இப்போது பெரிய இரண்டு கூட்டணிகளின் தரையே மற்றவர்களின் கூரைக்கு மேல் போய்விட்டது.

களத்தைப் பற்றி ஊகிக்கும்போது

தாவியவர் ஜெயிப்பாரா? வரலாறு ஒரே பதிலைத் தரவில்லை. 2011-ல் பிக் டென்னுக்குப் போன நெப்ராஸ்கா, டெக்சஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆடும் வாய்ப்பை இழந்தது. வீரர்களைச் சேர்க்க அங்கே தொடர்ந்து முகம் காட்ட வேண்டும். 2012-ல் ஒரே ஒருமுறை கூட்டணி இறுதிக்குப் போய் விஸ்கான்சினிடம் 70-31 என்று உதை வாங்கியது. அதன் கடைசிக் கூட்டணிப் பட்டம் 1999. அதே 2011-ல் பேக்-12-க்கு உயர்ந்த யூட்டா 2021, 2022 என இரண்டு பட்டம் எடுத்தது. ஆட்களைச் சேர்க்கும் வட்டாரத்தை இழந்தவர் தளர்ந்தார், விரித்துக்கொண்டவர் எழுந்தார். வரைபடத்தில் வீரர்கள் வரும் இடங்களையும் புதிய எதிரிகளின் ஊர்களையும் குறித்துப் பார்த்தால் போதும், பாதி விடை கிடைத்துவிடும்.

2024-ல் புதியவர்கள் மூத்தவர்களை வாரிவிட்டார்கள். ஓரிகன் பிக் டென்னையும் அரிசோனா ஸ்டேட் பிக் 12-ஐயும் முதல் ஆண்டிலேயே வென்றன. டெக்சஸ் எஸ்.இ.சி. இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் ஜார்ஜியாவிடம் விழுந்தது. எஸ்.எம்.யு. ஏ.சி.சி. இறுதியில் கிளெம்சனிடம் 34-31 என்று விழுந்தது. வீரர்கள் பல்கலைக்கழகம் மாற வழி செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் மூலம் ஒரே ஆண்டில் பாதி அணியை மாற்றிக்கொள்ள முடிவதால், நெப்ராஸ்கா காலத்து மெதுவான தேய்மானமும் வளர்ச்சியும் இப்போது வேகமாகிவிட்டன.

எல்லாவற்றையும் கூட்டணி மாற்றத்தின் தலையில் கட்டுவதும் தவறு. 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு தேசியப் பட்டம் எடுத்த எஸ்.இ.சி.யை, 2023-ல் மிச்சிகன், 2024-ல் ஒஹாயோ ஸ்டேட், 2025-ல் இண்டியானா என்று பிக் டென் முந்தியிருக்கிறது. இந்த மூவரும் பல காலமாகப் பிக் டென்னில் இருப்பவர்கள், தாவி வந்தவர்கள் அல்ல. தோல்விக் கணக்கில் பல்லாண்டு முன்வரிசையில் நின்ற இண்டியானா 16-0 என்று முடித்ததற்கு, ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன் வீரர்களோடு வந்த பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டியும் போர்ட்டலும் காரணம். ஆனால் அவரைத் தக்கவைக்கவும் வீரர்களுக்குக் கொடுக்கவும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மறுபடி அந்தத் தரையில் வந்து நிற்போம்.

கைவிடப்பட்டவர்களைக் கணக்கில் சேருங்கள்

ஒவ்வொரு தாவலும் கீழே சங்கிலியாக இறங்கும். டெக்சஸும் ஓக்லஹோமாவும் போகும் என்றதும் பிக் 12 கூப்பிட்டது பி.ஒய்.யு., சின்சினாட்டி, ஹூஸ்டன், யு.சி.எஃப். ஆகியவற்றை. அவற்றில் மூன்றை இழந்த அமெரிக்கன் கூட்டணி, கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ.யிலிருந்து ஆறு பேரை இழுத்தது. அது தனக்குக் கீழே தேடியது. மேலே இருவர் நகர்ந்தால் கீழே எத்தனை படிகள் ஆடுகின்றன என்று வரைந்து பார்த்தால்தான் முழுப் படம்.

பேக்-12-ல் மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். இவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை, விதிப்புத்தகத்தை எடுத்தார்கள். வெளியேறுவதாக அறிவித்தவர் நிர்வாகக் குழுவில் வாக்கை இழப்பார் என்ற விதியைக் காட்டி, வாஷிங்டன் மாநில நீதிமன்றத்தில் கூட்டணியின் கட்டுப்பாட்டையும் சொத்தையும் வென்றார்கள். உறுப்பினர் குறைந்தால் என்.சி.ஏ.ஏ. தரும் இரண்டு ஆண்டு அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டு பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் என ஆறு பேரைத் திரட்டி, தங்களோடு சேர்த்து 2026-க்கு எட்டுப் பேர் ஆனார்கள். ஃபுட்பாலுக்கு எட்டு என்பது கட்டாயக் குறைந்தபட்சம். பெயர் பழையது, தராசில் எடை பழையது அல்ல. பெயரைப் பார்த்துப் பலத்தை மதிப்பிடாதீர்கள்.

வதந்தி வரும் பருவம்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. கட்டணங்கள் மாறுவதும் அந்த நாளை ஒட்டித்தான். ஆகவே ஜூன் மாதத்து வதந்திக்கு எடை அதிகம், அக்டோபர் வதந்திக்குக் குறைவு. அதிலும் கவனம் வேண்டும். 2023 ஜூனில் சான் டியேகோ ஸ்டேட், தான் இருந்த மவுன்டன் வெஸ்ட் கூட்டணிக்கு வெளியேறும் எண்ணத்தைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியது. ஜூன் 30 தாண்டினால் கட்டணம் சுமார் 1.65 கோடியிலிருந்து இரு மடங்காகும் என்பதால் கூடுதல் அவகாசம் கேட்பதே நோக்கம். கூட்டணி அதையே வெளியேறும் அறிவிப்பாக எடுத்துக்கொண்டது. போக நினைத்த பேக்-12-லிருந்து அழைப்பு வரவில்லை. சில வாரத்தில் அந்தக் கூட்டணியே சரிந்தது. சான் டியேகோ பழைய வீட்டில் சமாதானம் பேசித் தங்க வேண்டியதாயிற்று.

ஒரு பல்கலைக்கழகம் 'ஆராய்கிறது', 'பேசுகிறது' என்ற செய்தி வந்தால் ஒன்றை மட்டும் தேடுங்கள்: எதிர்ப்பக்கத்துக் கூட்டணி வாக்கெடுப்புக்கு நாள் குறித்திருக்கிறதா? டெக்சஸ், ஓக்லஹோமா விஷயம் வெளியே கசிந்தது 2021 ஜூலை 21. ஒன்பதாம் நாளே எஸ்.இ.சி. 14-0 என்று வாக்களித்து முடித்துவிட்டது.